அலமாரிக் கட்டில்

எல்கடுவைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று உண்டு. கூலி ஜனங்கள் குடியிருக்கும் லயத்தில் யாருக்கும் அது வாயில் நுழைந்ததில்லை. கப்பல் தோட்டம் என்றால்தான் மாத்தளை வண்டிக்காரனுக்கும் வழி தெரியும். கடலுக்கும் அந்த மலைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் தேயிலை ஸ்டோருக்குக் கீழே, புல்தரையில், தார் பூசிய பெரிய படகு ஒன்று நிஜமாகவே நின்றது. அதைக் கொண்டுவந்து நிறுத்தியவர் கப்பல் துரை. அந்தப் படகுக்குப் பக்கத்து வீட்டை ஆயுளில் பாதி கூட்டிப் பெருக்கியவள் அழகாயி. துரையின் பெருமையைப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. அழகாயியைப் பற்றிப் பேசத்தான் யாரும் இல்லை.

அவள் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. சின்னப் பிள்ளையாக அம்மாவோடு இலங்கைக்குத் தோணியேறி வந்தபோது, குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தாள். கரை இறங்கிய பிறகு வடக்கு ரோட்டில் நடை. காடு, வெயில், வாந்திபேதி. மாத்தளைக்குக் கிட்ட வந்துவிட்டோம் என்று எல்லோரும் மூச்சுவிட்ட நேரத்தில், பலாபத்வலைக்கு அந்தப் பக்கம், அம்மா ரோட்டோரத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கூட்டத்தை ஓட்டிவந்த கங்காணி ஒரு பிணத்துக்காக நிற்கிற ஆள் இல்லை. பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தான். அப்படி வந்து சேர்ந்தவள் கொழுந்து பறித்தாள், வளர்ந்தாள், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற இராசமாணிக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டாள்.

அவர்களுக்குக் கிடைத்தது லயத்தின் கடைசிக் காம்பரா, ஒரே ஒரு அறை. மலையை வெட்டிய இடத்தோடு ஒட்டி நின்றதால் அதன் பின்சுவர் மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் கசியும். தரையில் சாக்கு விரித்தால் விடிவதற்குள் சாக்கைப் பிழியலாம். அழகாயி அந்தத் தரையில் இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள். இரண்டுமே மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்து, அந்தத் தரையிலேயே போய்விட்டன. வேறு காம்பரா கேட்டு இராசமாணிக்கம் தோட்டத்துக் கங்காணியிடம் போனான். “உம் பொண்டாட்டிக்குப் புள்ள தங்கல. அதுக்குச் சுவரு என்னடா பண்ணும்?” என்று கேட்டுச் சிரித்தார் கங்காணி நடராஜா. அவர் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது.

மூன்றாவது முறை வயிற்றில் தங்கியபோது அழகாயிக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. இந்தப் பிள்ளையை ஈரமில்லாத இடத்தில் படுக்கவைக்க வேண்டும். நகையோ சேலையோ அவள் கேட்கவில்லை, நாலு முழம் காய்ந்த இடம் கேட்டாள்.

அந்த வருஷம்தான் துரைக்குப் பைத்தியம் பிடித்தது. அவருடைய தாய்வழி ஒல்லாந்து தேசத்துக் கடற்கரையில் மீன் பிடித்த குடும்பம். லீவில் ஊருக்குப் போனவர், சீமையில் பழைய குடிசைகளைப் பிரித்து எடுத்துவந்து வெட்டவெளியில் திரும்பவும் பூட்டி, ஜனங்களுக்கு வேடிக்கை காட்டுகிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு வந்தார். நம் மலையிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று தோன்றிவிட்டது. தோன்றினால் போதுமே, செய்வதற்கு முந்நூறு ஜோடிக் கைகள் லயத்தில் கிடக்கின்றன. ஆட்கள் கீரையும் சோளமும் போட்டிருந்த தோட்டத் துண்டுகளை ஒரே நாளில் மண்வெட்டி போட்டுச் சமப்படுத்தினார்கள். நடுவே ஒரு வாய்க்கால் வெட்டி, அதன் மேல் விளையாட்டுப் பாலம் ஒன்று வைத்தார்கள். கரையில் படகு, காயப்போட்ட வலை, மீனைப் புகையில் தொங்கவிட்டு வாட்டும் கொட்டகை. அதற்கெல்லாம் நடுவில் பலகை வீடுகள் மூன்று எழும்பின.

பலகைகள் ரயிலில் மாத்தளைக்கு வந்தன, வண்டியில் எல்கடுவை ரோடு வரைக்கும் வந்தன. அங்கிருந்து தலைச்சுமை. ஞாயிற்றுக்கிழமையில் சும்மா வந்து சுமக்க எவனும் முன்வரமாட்டான் என்று நடராஜாவுக்குத் தெரியும். அதனால் பெரட்டுக் களத்தில், காலையில் எல்லோரும் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும்போது, ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார்.

“இது யாருக்குன்னு நெனச்சீங்க? புது லயம்டா! கவர்மெண்டு ஆளு வந்து லயத்தப் பாத்துட்டுத் தொரைய ஏசிட்டுப் போயிருக்கான். நல்லா சொமக்கிறவங்களுக்குத்தான் மொத வீடு.”

ஜனங்கள் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? வீடு என்று ஒன்று கட்டினால் அதில் மனிதர் குடியிருப்பார்கள் என்றுதானே யாரும் நினைப்பார்கள். வேடிக்கை பார்க்க வீடு கட்டுவான் ஒருவன் என்று அவர்கள் கனவிலும் கண்டதில்லை. அழகாயி ஐந்தாம் மாத வயிற்றோடு பலகை சுமந்தாள். தோள் தோலுரிந்தது. இராசமாணிக்கம் திட்டினான். “வாயக் கட்டிக்கிட்டு நீங்களும் ஒரு பலக சேத்துத் தூக்குங்க” என்று அவனையும் இழுத்துக்கொண்டு போனாள்.

நடு வீட்டின் மேல்தான் அவளுக்குக் கண். புகைபோக்கி வைத்த அடுப்பு, கண்ணாடி ஜன்னல், காலில் குளிர் ஏறாத பலகைத் தரை. வீடு முடிந்த அன்று காலை, ஆசாரிகள் கூலி வாங்கப் போயிருந்த சமயம், அவள் பாலாமணியிடம் கடன் வாங்கிய பித்தளைச் செம்பில் பாலோடு உள்ளே போனாள். பாலாமணி பிள்ளைக்காம்பராவில் லயத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற விதவை. செம்பைக் கொடுக்கும்போதே, “நல்ல நேரத்துல பொங்க விடுடி” என்று சொல்லியனுப்பியிருந்தாள். அழகாயி நிலைப்படிக்கு மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள். பளபளவென்று இழைத்த தரை முழுவதையும் சாணம் கரைத்து மெழுகினாள். அடுப்பு மூட்டிப் பாலை வைத்தாள். பால் பொங்கி வழியும்போது வாசலில் நிழல் விழுந்தது. நடராஜா.

முதலில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெளியே போய் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். “அழகாயி வூடு குடி போறா, வாங்கடா பாலு குடிக்க!” அவர்களும் சிரித்தார்கள், வேறு வழியில்லாமல். பிறகு கங்காணியின் முகம் மாறியது. பால் செம்பைக் காலால் எத்தினார்.

“சாணிய அள்ளிப் பூசியிருக்கியே நாறச் சிறுக்கி, தொரை பாத்தா எந் தோல உரிச்சிருவாரு. இது பாக்குறதுக்குக் கட்டுன வூடு. ஒல்லாந்துக்காரங்க எப்படி இருந்தாங்கன்னு பெரிய தொரைமாரு வந்து பாப்பாங்க. நீங்க குடியிருக்கவா? தொடைடி. அந்த முந்தானையாலயே தொடை.”

அவள் தன் சேலை முந்தானையை வாய்க்கால் தண்ணீரில் நனைத்து, வயிறு தரையில் தட்ட, பலகை பலகையாகத் தேய்த்தாள். அழவில்லை. அழுதால் கண்ணீரையும் துடைக்கச் சொல்லியிருப்பார். தேய்த்து முடிக்கும் தறுவாயில் துரை வந்தார். பலகை அப்படியொரு பளபளப்பு. நடந்தது அவருக்குத் தெரியாது, அவர் கண்டது ஒரு பெண் நன்றாகத் துடைக்கிறாள் என்பதைத்தான். “இந்தப் பொம்பளை நல்லா வேலை செய்யுது. இதுக்கே குடு இந்த வீடு” என்றார் தன் தோட்டத் தமிழில். துடைக்கும் வேலையைத்தான் சொன்னார். அழகாயிக்கு அந்த வீடு இப்படித்தான் கிடைத்தது.

வேலை லேசுதான் என்று மற்றப் பெண்கள் பொருமினார்கள். மலையேற வேண்டாம், அட்டைக்கடி கிடையாது. காலையில் போய்ப் பங்களாச் சமையல்காரர் ஹுசைனிடம் சாவி வாங்க வேண்டும். கூட்டித் துடைத்து, ஒல்லாந்துக்காரர் காலில் மாட்டும் மரச் சப்பாத்துகளை வரிசையாக அடுக்கி, மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மெழுகு மீன்காரன், மீன்காரி இருவருக்கும் தூசி தட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அடுப்பு. மலையின் ஈரம் ஏறினால் பலகை உளுத்துப்போகும் என்று துரைக்குப் பயம். அதனால் மழைக்காலத்தில் பொழுது முழுக்க அடுப்பு எரிய வேண்டும். அவள் வீட்டில் ஈர விறகு புகைந்து கண்ணைக் கரிக்கும்; ஆளில்லாத வீட்டுக்குக் காய்ந்த யூகலிப்டஸ் விறகு கட்டுக்கட்டாக வரும். அதையும் அவளே சுமந்துவந்து வைப்பாள்.

அந்த வீட்டில் ஒரு விசித்திரம் இருந்தது. கட்டில் வெளியே கிடையாது. சுவருக்குள் அலமாரிபோல ஒரு பள்ளம், அதற்கு இரண்டு கதவு, கதவில் காற்றுக்குச் சிறு துவாரங்கள். உள்ளே மெத்தை, கம்பளி, வெள்ளை விரிப்பு. அடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் அமைந்ததால் கதவைத் திறந்தால் வெதுவெதுப்பு முகத்தில் வந்து தட்டும். கால்மாட்டில் தொட்டியைப்போல விளிம்பு வைத்த சின்னப் பலகை ஒன்று பதித்திருந்தது.

“இது எதுக்கு நானா?” என்று ஒருநாள் ஹுசைனைக் கேட்டாள். முஸ்லிம் அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“கைப்புள்ளைக்கி. அந்தூர்ல தாயும் தகப்பனும் இதுக்குள்ள படுத்துக்கிட்டு, புள்ளைய அந்தப் பலகையில போட்டுக்குவாங்களாம். தொரதான் சொன்னாரு. கடல் காத்து அப்புடிக் குளுருமாம்.”

அழகாயி அந்தப் பலகையைக் கையால் தடவினாள். காய்ந்திருந்தது.

பிள்ளை பிறந்தது கடைசிக் காம்பராவில், அடைமழையில். பெண். முன்னே போன இரண்டையும் மனதில் வைத்து, எமன் சீண்டாமல் போகட்டும் என்று குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்தார்கள், குப்பாயி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தும் பிரயோசனமில்லை. மாதம் ஒன்று ஆவதற்குள் நெஞ்சில் கறகறவென்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் அழகாயிக்குப் பழக்கம்.

“நான் இவள அங்க கொண்டு போகப்போறேன்” என்றாள் கணவனிடம்.

“எங்க?”

“அந்த வூட்டுக்கு. அலமாரிக் கட்டிலுக்குள்ள வெச்சுக் கதவச் சாத்திட்டா யாருக்குத் தெரியும்?”

“ஒனக்குக் கிறுக்கா? கண்டுபுடிச்சாங்கன்னா வேலைக்கான பத்துச்சீட்டக் கிழிச்சுத் தொரத்திருவாங்க. எந்தத் தோட்டத்துலயும் சேக்க மாட்டாங்க.”

“தொரத்தட்டும். இங்க இருந்தா இவளத்தான் அந்த மேட்டுக்குத் தொரத்தணும்.”

புதைமேட்டைச் சொன்னாள். இராசமாணிக்கம் எழுந்துபோய்க் கூடையை எடுத்துவந்தான்.

கூடைக்குள் வைத்துச் சாக்கு மூடி, விறகோடு விறகாகக் கொண்டுபோனாள். கைப்பிள்ளை அழுமே? அதற்கும் லயத்தில் வழி இருந்தது. மலைக்குப் போகும் தாய்மார்கள் எல்லோரும் செய்வதுதான். பாலாமணியின் இடுப்புப் பையில் எப்போதும் அபின் உருண்டை இருக்கும். மாத்தளையில் அதற்கு லைசன்ஸ் கடையே இருந்த காலம். கடுகில் பாதியளவு கிள்ளி, தாய்ப்பாலில் குழைத்து, விரல் நுனியால் நாக்கில் தடவினால் பிள்ளை கம்மென்று தூங்கும், தாய் நிம்மதியாகக் கொழுந்து பறிப்பாள். தோட்டத்துக்கும் லாபம். அதைத் தப்பு என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் பிள்ளையோடு வீட்டில் இருக்க யார் விடப்போகிறார்கள்?

“ஆளுங்க வார அன்னைக்கி மட்டும் குடு” என்று சொல்லித்தான் பாலாமணி கொடுத்தாள். “சும்மா சும்மா குடுக்காத. ஒண்ணுக்கு மேல தொடாத.”

ஹுசைன் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். கட்டில் கதவைத் திறந்தவர், குப்பாயி கம்பளிக்குள் கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றார். பிறகு மெதுவாகக் கதவைச் சாத்தினார். “நான் ஒண்டும் பாக்கல புள்ள. ஆனா ஆளு வந்தாச் சத்தம் வரப்படாது” என்றார். அவருக்கும் பிள்ளைகள் இருந்தன.

அந்த மழைக்காலம் அழகாயி வாழ்ந்தாள். அதற்கு வேறு வார்த்தை கிடையாது. ஒரு வாரத்தில் நெஞ்சுச் சத்தம் நின்றது. கன்னம் உருண்டது. பிள்ளை அடுப்பு வெளிச்சத்தைப் பார்த்துத் தானாகச் சிரிக்கக் கற்றுக்கொண்டது. வேலை முடித்த நேரத்தில் அழகாயி மெழுகு மீன்காரிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து பால் கொடுப்பாள். “என்னாடி பாக்குற, ஒம் புள்ளையா?” என்று அந்தப் பொம்மையைக் கேலி செய்வாள். மழை கண்ணாடியில் வந்து மோதும். உள்ளே ஒரு சொட்டு விழாது. சாயங்காலம் லயத்துக்குத் தூக்கிப்போனால், இராத்திரி முழுக்க நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தே தூங்குவாள். விடிந்ததும் பிள்ளையைவிட அவள்தான் அந்த வீட்டுக்கு அவசரப்படுவாள்.

தை பிறந்து மழை விட்டதும், கண்டியிலிருந்து பெரிய கூட்டம் வருகிறது என்று நடராஜா பெரட்டில் சொன்னார். துரைமார், துரைசானிமார், படம் பிடிக்கிறவன் எல்லோரும். அன்றைக்குப் பிள்ளையை லயத்தில் விட்டுவிடலாம் என்றுதான் அழகாயி நினைத்தாள். ஆனால் முதல் நாள் மாலை குளிர் காற்று அடித்து, குப்பாயி இரண்டு முறை இருமினாள். இரண்டே இரண்டு இருமல். அந்த இருமல்தான் தாயைத் திரும்பவும் அந்த வீட்டுக்கு இழுத்தது.

காலையில் அபின் தடவிப் படுக்கவைத்தாள். வந்தவர்கள் போவதற்குள் பிள்ளை எழாது என்று அவள் கணக்கு. வருகிறவர்கள் வரவில்லை. வழியில் எங்கோ குதிரை வண்டிச் சக்கரம் புதைந்துவிட்டதாம். உச்சிப்பொழுதில் குப்பாயி விழித்துச் சிணுங்கினாள். அதே நேரத்தில் வளைவில் வண்டிச் சத்தம், சிரிப்புச் சத்தம். வாசலில் நடராஜா, தலைப்பாகை கட்டி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பிள்ளையை வெளியே எடுத்துப்போக ஒரு வழியும் இல்லை. பாலாமணி சொன்னது காதில் விழாமல் இல்லை. ஒரு தடவைதானே என்று மறுபடியும் கிள்ளிப் பிள்ளையின் நாக்கில் தடவினாள். அவசரத்தில் எவ்வளவு கிள்ளினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சிணுங்கல் நின்றது. கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக் கதவைச் சாத்துவதற்கும் துரை உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது. மூக்கில் விரல் வைத்துப் பார்க்க நேரமில்லை.

அவளுக்கு விதித்த இடம் அடுப்பு மூலை. கை கட்டி, தலை குனிந்து நிற்க வேண்டும். வந்தவர்கள் வெகுநேரம் மரச் சப்பாத்தைக் காலில் மாட்டித் தடதடவென்று நடந்து பார்த்தார்கள். மீன்காரனின் தொப்பியை ஒருவன் தன் தலையில் வைத்துக்கொண்டான். துரை ஒவ்வொன்றையும் காட்டி விளக்கினார். தன் பாட்டனார் பட்ட கஷ்டத்தைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. ஏழைகள், பாவம், ஈரத்திலும் குளிரிலும் வாழ்ந்தார்கள் என்றாராம். இதையெல்லாம் பிறகு ஹுசைன்தான் சொன்னார். தேத்தண்ணீர்த் தட்டோடு அவர் அங்கே நின்றிருந்தார்.

வெள்ளைக் கையுறை போட்ட ஒரு துரைசானி அலமாரிக் கதவைத் திறந்தாள்.

“ஓ!” என்றாள். எல்லோரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். துரையும் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. அவர் அங்கே பொம்மை எதையும் வைக்கவில்லையே. துரைசானி கையுறையைக் கழற்றி, வெறும் விரலால் குப்பாயியின் கன்னத்தை அழுத்தினாள். பிள்ளை அசையவில்லை. இமைகூட அசையவில்லை. துரைசானி விரலை எடுத்துச் சிரித்தபடி ஏதோ சொன்னாள். “எவ்வளவு அசல் வேலை, மெழுகு எப்படிக் குளிர்ந்திருக்கிறது!” இதுதான் அவள் சொன்னது.

துரையின் சிவந்த முகம் வெளுத்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. திரும்பி அடுப்பு மூலையைப் பார்த்தார்.

அழகாயிக்குப் பாஷை தெரியாது. விரல் மட்டும் தெரிந்தது. அவ்வளவு அழுத்தியும் பிள்ளை ஏன் முகம் சுளிக்கவில்லை? தொண்டைவரை ஒரு கத்தல் வந்து நின்றது. கத்தினால் எல்லாம் போச்சு. பிள்ளை மருந்து மயக்கத்தில் தூங்குகிறது, அவ்வளவுதான். கத்தினால் இந்த வீடு போய்விடும், இந்தக் கட்டில் போய்விடும், அடுத்த மழைக்கு இவளை எங்கே படுக்கவைப்பது? பிள்ளையின் உயிருக்காகத்தான் அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். பல் உதட்டில் பதிந்து ரத்தம் கசிந்தது.

“ஆனால் ஏன் இவ்வளவு கறுப்பு?” என்று இன்னொருவன் கேட்டான். “ஒல்லாந்துக் குழந்தை இப்படியா இருக்கும்?”

எல்லோரும் துரையைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“புகை,” என்றார். “மீன் வாட்டும் புகை. மெழுகு அதை இழுத்துக்கொள்ளும்.”

எல்லோரும் சிரித்தார்கள். துரை கட்டில் கதவைத் தன் கையாலேயே சாத்தினார். அந்தப் புகைக் கொட்டகையைப் பார்க்கலாம் வாருங்கள் என்று கூட்டத்தை வெளியே திருப்பினார். கடைசியாகப் போகும்போது ஹுசைனிடம் இரண்டு வார்த்தை சொன்னார். ஹுசைன் அழகாயியின் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து வீட்டைப் பூட்டினார்.

“நானா, புள்ள உள்ள இருக்கு.”

“தெரியும் புள்ள. தொர பூட்டச் சொன்னாரு. அவங்க போகட்டும்.”

“ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேன் நானா.”

ஹுசைன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பங்களாவுக்கு நடந்தார், வேகமாக, திரும்பிப் பார்க்காமல்.

விருந்தாளிகள் புகை மீன் தின்றார்கள். படகில் ஏறி, துடுப்பைப் பிடித்துக்கொண்டு படம் பிடித்தார்கள். புல்தரையில் தேத்தண்ணீர் குடித்தார்கள். அழகாயி பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்து, காதைப் பலகையில் வைத்து, உள்ளிருந்து ஒரு சிணுங்கல் கேட்காதா என்று உட்கார்ந்திருந்தாள். கேட்கக்கூடாது என்று காலையில் வேண்டிக்கொண்டவள்தான். மார்பில் பால் கட்டி, ரவிக்கை நனைந்து ஒட்டியது. தூரத்தில் நின்று பார்த்த நடராஜா, தரையை நனைக்காதே என்று கையால் சைகை காட்டினார்.

பொழுது சாயும் நேரம் வண்டிகள் போனபிறகு கதவு திறந்தது. குப்பாயி அவள் வைத்தது போலவே கிடந்தாள். விரிப்பு வெள்ளையாக இருந்தது, கம்பளி வெதுவெதுப்பாக இருந்தது. பிள்ளை மட்டும் சில்லிட்டு விறைத்திருந்தது.

துரை உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி நடராஜாவிடம் சொல்லியனுப்பினார். பங்களாவில் இரண்டு விருந்தாளிகள் தங்கியிருப்பதால் சாவுக்குத் தப்பு மேளம் அடிக்கக்கூடாது, ஒப்பாரி வைக்கக்கூடாது. விரிப்பையும் மெத்தையையும் எரிக்க வேண்டும். அபின் கொடுத்ததற்குப் போலீசுக்குப் போகலாம். ஆனால் துரை போகமாட்டார். வேலையையும் பறிக்கமாட்டார்.

“தொரை தங்கமானவரு” என்றார் நடராஜா. “வேற ஆளா இருந்தா ஒன்னய ஜெயில்ல போட்டிருப்பான். கும்புடுடி.”

அழகாயி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கும்பிட்டாள். இரண்டு கையும் சேரவில்லை; ஒரு கையால் கும்பிட்டாள். இராசமாணிக்கம் தனியாகக் குழி வெட்டினான். தப்பு இல்லை, சங்கு இல்லை. பாலாமணி தன் பையிலிருந்த அபின் உருண்டையைக் குழியில் எறிந்தாள். அடுத்த பெரட்டில் தாய்மார்கள் வந்து கை நீட்டியபோது, புதிதாக வாங்கி வைத்திருந்ததிலிருந்து கிள்ளிக் கொடுத்தாள். அவளை என்ன சொல்ல முடியும்?

கதை இத்தோடு முடிந்திருந்தால் அழகாயி கொடுத்துவைத்தவள். கண்டிக்குப் போன துரைசானி, அந்த மலையில் அலமாரிக்குள் தூங்கும் ஒரு மெழுகுக் குழந்தை இருக்கிறது, பார்க்காமல் போகாதீர்கள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். அடுத்து வந்த கூட்டம் நேரே கட்டில் கதவைத் திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. துரைக்கு வெட்கமாகப் போய்விட்டது. சீமைக்கு ஆர்டர் கொடுத்து, கப்பலில் ஒரு குழந்தைப் பொம்மையை வரவழைத்தார். ரோஜாக் கன்னம், லேஸ் தொப்பி. ஹுசைன் அதைக் கூடைக்குள் வைத்துக் கொண்டுவந்து அழகாயியின் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

“இத அந்தப் பலகையில வெக்கணுமாம். ஈரம் பட்டாக் கெட்டுப்போகுமாம். தெனமும் தொடச்சு, வெயில் வந்தா ஜன்னலுகிட்ட காயவெக்கணுமாம்.”

அவள் வாங்கி வைத்தாள். வேறென்ன செய்வாள்? இராசமாணிக்கம் அந்த வருஷமே வேறு தோட்டத்துக்குப் போய்விடலாம் என்றான், அவள் வரவில்லை. அவன் போனான், திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளையும் இல்லை. மழைக்காலத்தில் அவளுடைய காம்பராச் சுவர் எப்போதும்போலக் கசிந்தது. அந்தப் பொம்மைக்கு ஒரு நாளும் ஜலதோஷம் பிடிக்கவில்லை.

வந்தவர்களில் சிலர் முன்பும் வந்தவர்கள். பொம்மையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். “என்னா சொல்றாங்க நானா?” என்று அழகாயி ஒருமுறை கேட்டாள். “முன்ன இருந்ததுதான் அசலா இருந்திச்சாம்” என்று சொல்லிவிட்டு ஹுசைன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்படியே அவள் தலை நரைத்தது. நடராஜா செத்தார், அவருக்குத் தப்பு முழங்கியது. கப்பல் துரை கிழவரானார், தன் மக்களின் ஏழ்மையை இந்த மலையில் காப்பாற்றி வைத்தவர் என்று அவருக்கு மாலை போட்டார்கள். அழகாயி கூன் விழுந்த பிறகும் காலையில் சாவி வாங்கிக்கொண்டு போனாள். தரை துடைப்பாள், சப்பாத்து அடுக்குவாள், அடுப்பு மூட்டுவாள். வளைவில் வண்டிச் சத்தம், பிற்காலத்தில் மோட்டார்ச் சத்தம், கேட்டதும் கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு அலமாரிக் கதவைத் திறப்பாள். பொம்மையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து, கொஞ்ச நேரம் காத்திருந்து பார்ப்பாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, அடுப்பு மூலையில் போய்க் கை கட்டி நிற்பாள்.